ரோஜா நிறம் மஞ்சளானால் கிணற்றில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் தண்ணீரைப் பற்றியவைதான் அதிகம், அதிலும் நிறம் மாறும் சோதனை பற்றி ஆறேழு பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் சமையல், தோட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்யாணமாகி ரங்கூனிலிருந்து மிஞ்ஜான் பக்கம் வந்து பத்து வருடம் ஆகிறது. வீட்டில் ஆழ்குழாய்க் கிணறு. பையனுக்கு எட்டு வயது, புதிதாக முளைத்த முன்பற்களில் வெள்ளைக் கோடும் பழுப்புப் புள்ளியும் தெரிகிறது. மாமியார், வெற்றிலைக் கறை மாதிரிதான், தேய்த்தால் போய்விடும் என்கிறார். பையன் வெற்றிலை போடுவதே இல்லை. போன மாதம் தண்ணீர் பார்க்க வந்தவர் ஒரு சின்னக் குப்பியில் எங்கள் தண்ணீரை எடுத்து நாலைந்து சொட்டு மருந்து விட்டார். ரோஜா நிறம் வர வேண்டியது மஞ்சளாகிவிட்டது, ஃபுளோரைடு கூடுதல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு சொட்டுச் சாயத்தை நம்பிக் கிணற்றை விட்டுவிட முடியுமா? காய்ச்சிக் குடித்தால் போதாதா? இளையவளுக்கு இரண்டு வயது. – ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் காய்ச்சுவதை நிறுத்துங்கள். கிருமிக்குத்தான் காய்ச்ச வேண்டும். ஃபுளோரைடு உப்பு மாதிரி, தண்ணீர் ஆவியாகப் போகும், அது பாத்திரத்திலேயே நிற்கும், எனவே காய்ச்சக் காய்ச்ச அளவு கூடும். துணியில் வடிகட்டினாலும் மண் வடிகட்டியில் ஊற்றினாலும் போகாது.

அந்த நாலு சொட்டுச் சாயத்தை நம்பலாமா என்றால், நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். அந்த மருந்தில் சிர்கோனியம் என்ற உலோகமும் ஒரு சாயமும் கைகோத்து இருக்கும், அப்படி இருக்கும்வரை அதன் நிறம் ரோஜா அல்லது சிவப்பு. ஃபுளோரைடுக்குச் சிர்கோனியத்தின் மேல் அசாத்தியப் பிடிப்பு. அது தண்ணீரில் இருந்தால் சாயத்தின் கையிலிருந்து சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், தனியாக விடப்பட்ட சாயம் தன் சொந்த நிறமான மஞ்சளுக்குத் திரும்பிவிடும். எவ்வளவு ஃபுளோரைடோ அவ்வளவு மஞ்சள். 1920களிலிருந்தே தெரிந்த வித்தை இது, இன்றும் கிராமங்களுக்கு எடுத்துப்போகும் பெட்டிகளில் இதுதான் அல்லது இதன் தம்பி தங்கைகள்தான் இருக்கின்றன.

ஆனால் இதை ஏமாற்றும் சில விஷயங்கள் உண்டு, அவற்றில் ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஐராவதி ஓரத்திலும் குளத்துத் தண்ணீர் எடுக்கும் ஊர்களிலும் கலங்கலைத் தெளிய வைக்கப் படிகாரம் போடுவோம் இல்லையா, படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது, அதுவும் ஃபுளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது சாயத்துக்கு ஃபுளோரைடு சரியாகத் தெரியாது, நல்ல தண்ணீர் போல ரோஜா நிறத்திலேயே நிற்கும். மாறாக, பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் குளோரின் சாயத்தையே வெளுத்துவிடும், இல்லாத ஃபுளோரைடு இருப்பது போலத் தோன்றும். ஆகவே கிணற்றிலிருந்து நேராக எடுத்த, எதுவும் போடாத தண்ணீரை இன்னொரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் பின்னால் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குழல் விளக்கின் கீழ் ரோஜாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவே உள்ள நிறங்களில் நன்றாகப் படித்த மாணவர்களே தடுமாறியதை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. இரண்டாவது முறையும் அதைத் தாண்டினால், ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அங்கே லாந்தனம் ஃபுளோரைடு படிகம் வைத்த மின்முனையால் அளப்பார்கள், கண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

பையனின் பற்களைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அது கறை மாதிரி மேலே ஒட்டியது அல்ல, பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில் விழுந்த தழும்பு, தேய்த்தால் போகாது, தேய்க்கவும் விடாதீர்கள். பல் மருத்துவர் மேலே பூசி மறைக்க முடியும். பழுப்புப் பற்களுக்குக் காரணம் ஃபுளோரைடு என்று 1931இல்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஆறு வருடம் கழித்து, 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் எலும்பையே முடக்கும் அளவுக்கு இது போவதை எழுதினார்கள். நம்மில் பல குடும்பங்கள் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அந்த ஊர்களிலும் இதே பாறைத் தண்ணீர்தான், இதற்காகவே ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் மிஞ்ஜான் வட்டாரக் கிணறுகளில் ஃபுளோரைடு மட்டுமல்லாமல் ஆர்சனிக், மாங்கனீஸ், யுரேனியம்கூட இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என் மனசு போய் நின்ற இடம் அந்தக் கடைசி வரி. இரண்டு வயது. அவளுடைய நிரந்தரப் பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்குத் தண்ணீரை மாற்றினால் அவளைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். குளிக்க, துவைக்கக் கிணறு இருக்கட்டும். குடிக்கவும் சோறு குழம்பு வைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் எடுங்கள். கூரையில் பிடித்த மழைத்தண்ணீரில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. குளத்துத் தண்ணீர் என்றால் அதைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். வசதி இருந்தால் எதிர்ச்சவ்வூடு வடிகட்டி, அதாவது ஆர்.ஓ., நன்றாகவே நீக்கும். இன்னொன்று, டீக்கடை மேசையில் சும்மா வைக்கிற வெறும் தேயிலைத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். தேயிலைச் செடியே மண்ணிலிருந்து ஃபுளோரைடை இலையில் சேர்த்துவைக்கும், அதை இந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

கேள்வி: பேனா மாதிரி ஒரு கருவி வாங்கினேன், தண்ணீரில் விட்டால் 310 என்று காட்டுகிறது. கடைக்காரர் 500க்குக் கீழே என்றால் பயமில்லை என்றார். – ஓய்வுபெற்ற கணக்கர், மாந்தலே

பதில்: ஐயா, அது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. பைக்குள் நூறு காசு இருக்கிறது என்று சொல்லும், எந்தக் காசு என்று சொல்லாது. 310இல் இரண்டு மில்லிகிராம் ஃபுளோரைடோ, அதைவிட மிகக் குறைந்த ஆர்சனிக்கோ ஒளிந்திருந்தால் அந்த எண் அசையவே அசையாது. உவர்ப்பு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நல்ல கருவிதான்.

கேள்வி: கோவில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன், முப்பது பிள்ளைகள். ‘அயனி’ என்ற சொல் பாடத்தில் வந்தது, ஒருவருக்கும் புரியவில்லை. கையில் பிடித்துக் காட்டும்படி ஏதாவது இருக்கிறதா? – ஆசிரியை, தட்டோன்

பதில்: உங்கள் கோவிலிலேயே இருக்கிறது, ஆரத்தித் தட்டு! மின்சுமை ஏறிய அணுவோ அணுக்கூட்டமோதான் அயனி, அந்தச் சுமை எதிர்மின்னாக இருந்தால் எதிர்மின் அயனி. மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் குங்குமச் சிவப்பாகிறதே, பிள்ளைகள் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருப்பார்கள், அதுவே எதிர்மின் அயனியைக் கண்டுபிடிக்கும் நிறச் சோதனைதான். சுண்ணாம்பிலிருந்து ஹைட்ராக்சைடு என்ற எதிர்மின் அயனி வருகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் மூலக்கூறின் ஓரத்தில் ஒரு ஹைட்ரஜன் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஹைட்ராக்சைடு புரோட்டானாக, அதாவது எலக்ட்ரான் இல்லாத வெறும் ஹைட்ரஜன் கருவாகப் பறித்துக்கொள்ளும், அதன் எலக்ட்ரான்கள் மூலக்கூறிலேயே தங்கிவிடும். அதனால் மூலக்கூறு முழுவதிலும் எலக்ட்ரான்கள் வேறு மாதிரி பரவுகின்றன, அது விழுங்கும் வெளிச்சம் மாறுகிறது, நம் கண்ணுக்கு மஞ்சள் சிவப்பாகிறது. பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழியச் சொல்லுங்கள். பறிபோன புரோட்டான் திரும்பிவரும், சிவப்பு மறுபடி மஞ்சளாகும். இந்தத் திரும்பி வருதலைப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும், நான் வகுப்பெடுத்த காலத்தில் ஒருமுறைகூட இது தவறியதில்லை.

தடித்த தாளை மஞ்சள் கரைசலில் தோய்த்து நிழலில் காயவைத்து நீள நீளமாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சோப்புத் தண்ணீர், சோடா உப்பு, சாம்பல் தண்ணீர், மோர், புளித்தண்ணீர் என்று வீட்டில் இருப்பதை எல்லாம் சோதித்து எழுதிக்கொண்டு வரட்டும். சுண்ணாம்பை மட்டும் நீங்களே கையாளுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று: அயோடின் உப்புப் பாக்கெட்டும், மொன் கடற்கரையில் விளைந்த சாதாரண உப்பும் வாங்குங்கள். சுகாதாரப் பணியாளர்கள் வைத்திருக்கும் உப்புச் சோதனைச் சொட்டில் கஞ்சிப்பசையும் பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் அமிலமும் இருக்கும். உப்பில் அயோடேட் என்ற எதிர்மின் அயனி இருந்தால் இவற்றோடு சேர்ந்து அயோடின் பிறக்கும், அயோடின் கஞ்சியோடு சேர்ந்து ஊதாநீலமாகும். சாதா உப்பு வெள்ளையாகவே இருக்கும். நீலத்தைப் பார்த்து உப்பில் விஷம் என்று யாராவது பாட்டி பயந்தால், அந்த நீலம்தான் கழுத்துக் கழலையிலிருந்து பேத்தியைக் காக்கிறது என்று எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: ரங்கூனில் வேதியியல் படிக்கிறேன். தயோயூரியா சேர்ந்த ஒரு மூலக்கூறு, ஃபுளோரைடு பட்டவுடன் நிறமே இல்லாததிலிருந்து ரத்தச் சிவப்பாகும் படத்தைப் பார்த்தேன், குளோரைடு, புரோமைடு எதற்கும் மாறவில்லை. இத்தனை துல்லியமாக இருந்தும் ஏன் நம் வறண்ட மண்டலக் கிராமங்களுக்கு இது வரவில்லை? இதையே ஆராய்ச்சியாக எடுக்கலாமா? – மாணவர்

பதில்: தம்பி, எடு. ஆனால் அந்தப் படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் எந்தக் கரைப்பானில் செய்தார்கள் என்று போட்டிருக்கும், முதலில் அதைப் படி. டி.எம்.எஸ்.ஓ. அல்லது அசிட்டோநைட்ரைல் என்று இருக்கும், இரண்டும் ஆய்வகத்துக் கரிமக் கரைப்பான்கள். சரி, தண்ணீர் எங்கே?

அயனிகளைப் பிடிக்கும் மூலக்கூறுகளைச் செய்யும் இந்தத் துறை பிறந்த கதையிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நேர்மின் அயனியைப் பிடிக்கும் வளைய மூலக்கூறுகளான கிரீட ஈதர்களைப் பெடர்சன் என்ற வேதியியலாளர் 1967இல் வெளியிட்டார், அதற்கு 1987இல் கிராம், லேன் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அவர் வேலை பார்த்த அதே டூபான்ட் கம்பெனியில் பார்க், சிம்மன்ஸ் என்ற இருவர் 1968இல், குளோரைடைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் கூடு மாதிரியான மூலக்கூறைச் செய்து காட்டினார்கள். ஆனால் எதிர்மின் அயனிப் பக்கம் வெகுகாலம் மெதுவாகவே நகர்ந்தது. கேலிக்ஸ்பிரோல் என்ற வளையத்தை எடுத்துக்கொள், பேயர் அதை 1886இலேயே செய்துவிட்டார். அது ஃபுளோரைடையும் குளோரைடையும் பிடிக்கும் என்று டெக்சாசில் செஸ்லரின் குழு கண்டது 1996இல். நூற்றுப்பத்து வருடம்! ஒரு பொருளிடம் சரியான கேள்வியை யாரும் கேட்கவில்லை என்றால் அது பேசாமலே இருந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நீ பார்த்த உணரியில், அதாவது அயனியைக் கண்டால் நிறம் மாறிக் காட்டும் மூலக்கூறில், இரண்டு பாகம். ஒன்று பிடிக்கும் பாகம், அங்கே தயோயூரியாவின் இரண்டு என்.எச்., அதாவது நைட்ரஜன்-ஹைட்ரஜன், கரங்கள் நீண்டிருக்கும். மற்றது நிறம் காட்டும் பாகம், பெரும்பாலும் எலக்ட்ரானை இழுக்கும் நைட்ரோபீனைல். ஃபுளோரைடு வந்து அந்தக் கரங்களில் ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்கினால் நிறம் கொஞ்சம் மாறும். இன்னும் கொஞ்சம் ஃபுளோரைடு சேர்ந்தால், தொங்குவதை விட்டுவிட்டு அந்த ஹைட்ரஜனையே புரோட்டானாகப் பிடுங்கிக்கொண்டு இரண்டு ஃபுளோரைடு நடுவே ஒரு புரோட்டான் என்று உட்கார்ந்துவிடும். இத்தாலியில் பாவியாவில் ஃபாப்ரிட்சியின் குழு 2000களில் இதைத் தெளிவாகக் காட்டியது. உன் படத்தில் இருந்த ரத்தச் சிவப்பு அநேகமாக அப்படிப் பிடுங்கியதால் வந்த சிவப்பு. மேலே ஆசிரியைக்குச் சொன்ன ஆரத்தியேதான், சுண்ணாம்புக்குப் பதில் ஃபுளோரைடு.

கிராமத்துக் கிணற்றில் அது தோற்பதற்கு முதல் காரணம், ஃபுளோரைடு சின்ன அயனி, அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை நெருக்கி மூடிக்கொள்கின்றன. அந்தப் போர்வையை உரிக்க மோலுக்குச் சுமார் 465 கிலோஜூல் வேண்டும், குளோரைடுக்குச் சுமார் 340 போதும். உன் தயோயூரியாவின் இரண்டு கரங்களால் அந்தப் போர்வையை உரிக்க முடியாது. தண்ணீரில் விட்டால் நிறமே மாறாது, சிவந்த கரைசலில் தண்ணீர் சேர்த்தால் பழையபடி வெளுத்தும் போகும். ஆய்வகத்தில் ஃபுளோரைடைக் கொடுத்ததும் டெட்ராபியூட்டைல்அம்மோனியம் உப்பாக, அதாவது கரிமக் கரைப்பானில் சுலபமாகக் கரையும்படி. கிணற்றில் அது சோடியத்தோடு வருகிறது.

இரண்டாவது காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. எந்தக் கிணற்றில் ஃபுளோரைடு கூடுதலோ அந்தக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, காரத்தன்மையோடு இருக்கும். கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து அளவு குறைந்திருக்கும் அல்லவா? ஆக நீ தேடிப் போகும் தண்ணீரே காரத் தண்ணீர். புரோட்டானை இழப்பதால் சிவக்கும் உணரிக்குக் காரம் கண்டாலும் சிவப்பு வரத்தான் செய்யும். அது ஃபுளோரைடைச் சொன்னதா, சோடா உப்பைச் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. அசிட்டேட், பாஸ்பேட் கொடுத்தும் பல உணரிகள் இப்படித்தான் குழம்புகின்றன. குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றை மட்டும் ஒப்பிட்டுவிட்டு ‘துல்லியம்’ என்று எழுதிய கட்டுரையை நான் துல்லியம் என்று ஏற்க மாட்டேன், அவை மூன்றும் பலவீனமான போட்டியாளர்கள்.

அப்புறம் அளவு. 1.5 மில்லிகிராம் என்பது சுமார் 80 மைக்ரோமோலார். அந்த இடத்தில், 40க்கும் 80க்கும் 160க்கும் கண் வித்தியாசம் காண வேண்டும். பத்து மடங்கு கொட்டிச் சிவக்க வைப்பதில் ஒரு தாய்க்குப் பயன் இல்லை.

வழி இருக்கிறது. சிலிக்கானுக்கு ஃபுளோரைடின் மேல் உள்ள ஆசை தண்ணீரிலும் முழுதாகப் போய்விடுவதில்லை, எனவே சாயத்தின் வாயைச் சிலிக்கான் மூடியால் அடைத்து வைத்து, ஃபுளோரைடு வந்து மூடியைக் கழற்றும்போது நிறம் தெரியும்படி செய்கிறார்கள். மெதுவாக நடக்கும், ஒருமுறைதான் பயன்படும், ஆனால் கிராமச் சோதனைக்கு ஒருமுறை போதுமே. போரானையும் அலுமினியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களையும் பிடிக்கும் பாகமாக வைப்பது இன்னொரு வழி. சாயத்தை இருக்கையில் உட்காரவைத்து, வரவேண்டிய அயனி வந்து அதை எழுப்பிவிடும்படி செய்வதை ஆன்ஸ்லின் போன்ற வேதியியலாளர்கள் பெரிய கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். யோசித்துப் பார், அந்தத் தாயின் கிணற்றில் ரோஜாவை மஞ்சளாக்கிய பழைய சிர்கோனியச் சொட்டு செய்ததும் இதையேதான். அது ஜெயித்ததற்குக் காரணம் அது தண்ணீருக்காகவே பிறந்தது.

நீ ஆராய்ச்சி தொடங்கினால் முதல் நாளே மிஞ்ஜானிலிருந்தோ மாகுவேயிலிருந்தோ ஒரு கேன் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வை. ஒவ்வொரு மூலக்கூறையும் அதில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் டி.எம்.எஸ்.ஓ.வுக்குப் போ. எல்லாரும் கடைசியில் செய்வதை நீ முதலில் செய்தால், மூன்று வருடம் வீணாகாது. கேள்வி இருந்தால் மறுபடி எழுது, கட்டாயம் பதில் போடுகிறேன்.

கேள்வி: டெல்டாவில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்கிறார்கள். ஃபுளோரைடு பார்க்கும் சொட்டு மருந்திலேயே அதையும் பார்க்கலாமா? – நெல் வியாபாரி, பியாப்பொன்

பதில்: முடியாது, தயவுசெய்து அப்படி முயலாதீர்கள். ஒரு சோதனை அதற்கென்று கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஃபுளோரைடு இல்லை என்று ரோஜா நிறம் காட்டிய கிணற்றில் ஆர்சனிக் தாராளமாக இருக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல். ஆர்சனிக் இரண்டு வேடத்தில் வரும். ஆர்சனேட் என்பது எதிர்மின் அயனி, பாஸ்பேட்டின் இரட்டைப் பிள்ளை போல இருக்கும், உணரிகள் இரண்டையும் மாற்றி எடுத்துக்கொள்ளும். காற்றுப் படாத ஆழ்தண்ணீரில் இருப்பதோ பெரும்பாலும் ஆர்சனைட் வகை, அது சாதாரண நிலத்தடி நீரில் மின்சுமையே இல்லாமல் திரிகிறது. சுமை இல்லாததை எதிர்மின் அயனி உணரி எப்படிப் பிடிக்கும்? அதனால்தான் களத்தில் வேறு வழி: அமிலமும் துத்தநாகத் தூளும் போட்டு ஆர்சனிக்கை ஆர்சின் வாயுவாக்கி, குப்பியின் வாயில் வைத்த பாதரச புரோமைடு தாளில் படவிடுவார்கள், தாள் மஞ்சளாகும், அதிகமானால் பழுப்பாகும். வேடம் எதுவானாலும் வாயுவானதும் ஒன்றுதான். அந்த வாயு கடும் விஷம், பயிற்சி பெற்றவர் திறந்த வெளியில் செய்ய வேண்டும், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவன எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 10க்கும் 50க்கும் இடையில் தாளின் மஞ்சளைக் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம், அங்கே ஆய்வகம்தான். பங்களாதேசத்தில் சோதித்த குழாய்களுக்குச் சிவப்பு, பச்சை வண்ணம் அடித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிவப்புக் குழாய் ஆகாது என்று பார்த்ததும் தெரிந்தது. உங்கள் ஊரில் சோதித்தவுடன் குழாயிலேயே வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள், பெயின்ட் வாங்கிக் கொடுக்க உங்களால் முடியும்.

கேள்வி: மூங்கில் குருத்தில் சயனைடு இருக்கிறதாமே, எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, மோல்மேன்

பதில்: பச்சைக் குருத்தில் டாக்சிஃபில்லின் என்ற பொருள் இருக்கிறது, நறுக்கினதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிரியும். பிக்ரேட், அதாவது பிக்ரிக் அமிலத்தின் உப்பு, தோய்த்த மஞ்சள் தாளை மேலே தொங்கவிட்டால் செங்கல் நிறத்துக்குப் போகும், மரவள்ளிக் கிழங்குக்கும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அதே தாள்தான். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், ஆகவே அது ஆய்வகத்தோடு இருக்கட்டும். வீட்டுக்குச் சோதனையே தேவையில்லை. மெல்லிசாக நறுக்கி, மூடாமல், நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாக்சிஃபில்லின் சிதைந்து, சயனைடு ஆவியோடு போய்விடும்.

சயனைடைக் காட்டும் இன்னொரு நிறச் சோதனையும் உண்டு. வைட்டமின் பி-12இன் நடுவில் உள்ள கோபால்ட் என்ற உலோகம் சயனைடை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் அதன் ஒரு வடிவத்தைச் சயனைடு விஷத்துக்கு மருந்தாக நரம்பில் ஏற்றுகிறார்கள், அதன் உறவுக்காரப் பொருள் ஒன்றை ஆரஞ்சிலிருந்து ஊதாவாக மாறும் சயனைடு உணரியாகவும் பயன்படுத்துகிறார்கள், அதுவும் தண்ணீரிலேயே.